அராவும் முன் அந்த உருண்டையைப் பாருங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில், டோங்காட் பக்கம் எங்கள் வீட்டில் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை ஒன்று இருக்கிறது. காயடித்த ஆண், வயது 19. நல்ல உடம்போடு இருந்தபோது 470 கிலோ. இப்போது விலா எலும்பு தெரிகிறது. இரண்டு மாதமாகக் காய்ந்த புல்லை மென்று மென்று, சுருட்டு மாதிரி ஈர உருண்டையாகக் கீழே போட்டுவிடுகிறான். பகலெல்லாம் கிக்கூயு புல்லில் மேய்ச்சல். மாலையில் இரண்டு கிலோ கோதுமைத் தவிட்டில் கரும்புப் பாகு கலந்து கொடுக்கிறோம். அதை மட்டும் சிந்தாமல் தின்கிறான். வாய்க்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், மேல்பல்லின் வெளி ஓரம் கத்தி போல் இருக்கிறது. லாயத்தில் வேலை செய்பவர், அரம் இருக்கிறது, நாமே அராவிவிடலாம் என்கிறார். செய்யலாமா? அதுவரை என்ன தீனி கொடுப்பது?

பதில்: ஐயா, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இனி கையை வாய்க்குள் விடாதீர்கள். கடைவாய்ப்பற்களுக்கு நடுவே விரல் அகப்பட்டால் எலும்பு மிஞ்சாது. அதைவிடப் பெரிய காரணம் வெறிநோய். குவாசுலு-நட்டாலில் நாய்களிடம் அது இன்னும் ஒழியவில்லை. வெறிநாய் கடித்த குதிரையும் விழுங்க முடியாமல் தீனியை நழுவவிடும், எச்சில் ஒழுக்கும். பார்ப்பவருக்குத் தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டது போலவே தோன்றும். உங்கள் குதிரைக்கு இது இரண்டு மாதமாக இருக்கிறது. வெறிநோய் அறிகுறி தெரிந்த குதிரை பெரும்பாலும் பத்து நாளைத் தாண்டாது. ஆகவே இது வெறிநோயாக இருக்க வழியில்லை, அந்தக் கவலை வேண்டாம். ஆனால் நேற்றுவரை நன்றாகத் தின்ற குதிரை இன்று திடீரென எச்சில் வடித்தால், குணம் மாறினால், பின்னங்கால் தடுமாறினால், வாயைத் தொடாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் பல்லைப் பார்க்க மருத்துவர் வரும் அன்றே அதையும் போட்டுவிடுங்கள்.

அராவலாமா என்ற கேள்விக்கு என் பதில்: கூடாது. ஏன் கூடாது என்பது குதிரை எப்படி மெல்லுகிறது என்று தெரிந்தால்தான் மனதில் நிற்கும்.

மாடு அவசரமாக விழுங்கிவிட்டு, பிறகு நிழலில் படுத்து அசைபோடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. முதல் தடவை மென்றதுதான், அதோடு வயிற்றுக்குள் போய்விடும். ஒரு கிலோ காய்ந்த புல்லைத் தின்ன நல்ல பல் உள்ள குதிரை ஏறக்குறைய 40 நிமிடம் எடுத்துக்கொண்டு 3,000 தடவைக்கு மேல் மெல்லும். அதே ஒரு கிலோ தானியம் பத்து நிமிடத்தில், 1,000 மெல்லுதலில் முடிந்துவிடும். மெல்லும்போது மட்டுமே எச்சில் சுரக்கும் பிராணி அது. நாள் முழுக்க மேய்ந்தால் 35 லிட்டர் அளவுக்குக்கூட சுரக்கும். மெல்லுவது குறைந்தால் எச்சில் குறைகிறது. எச்சில் குறைந்தால் தீனி வறண்டு தொண்டையில் அடைக்கிறது, குடலில் கட்டிக்கொள்கிறது, இரைப்பை புண்ணாகிறது. பல் வலி வாயோடு நிற்பதில்லை என்று சொல்வது இதனால்தான்.

முழு வளர்ச்சி பெற்ற ஆண் குதிரைக்குப் பொதுவாக 40 பல்: முன்னே புல்லைக் கத்தரிக்க 12, கோரைப்பல் 4, உள்ளே அரைக்க 24. பெண் குதிரைக்குக் கோரைப்பல் பெரும்பாலும் இருக்காது. அரைக்கும் பற்கள் வரிசைக்கு ஆறாக, இடைவெளியே இல்லாமல் ஒரே கல்லைப் போல நெருங்கி நிற்கும். கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறத்தாழ கால் பங்கு குறுகியது. அதனால் மேலும் கீழும் நேராக மோதினால் அரைபடாது. கீழ்த்தாடை கீழே இறங்கி, ஒரு பக்கமாக வெளியே போய், மேல்பல்லோடு ஒட்டி உள்நோக்கி இழுத்து அரைக்கும். மாவரைக்கும் திருகையின் வேலைதான் அது. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்.

வீட்டு அம்மி வழவழப்பாகிவிட்டால் கொத்தச் சொல்வோம். கொத்தாத அம்மியில் மிளகாய் வழுக்குமே தவிர அரைபடாது. குதிரைப் பல்லுக்குக் கொத்துகிறவர் தேவையில்லை. எனாமல், டென்டின், சிமென்ட் என்ற மூன்று பொருள் மடிப்பு மடிப்பாகச் சேர்ந்தது அந்தப் பல். எனாமல் கடினம், மற்ற இரண்டும் மெது. மெதுவானவை முன்னே தேய, எனாமல் வரம்புகளாக நிமிர்ந்து நிற்கும். தேய்வதே அதைச் சொரசொரப்பாக வைத்திருக்கிறது. தேய்ந்த அளவுக்கு, ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர், தாடைக்குள் சேமித்து வைத்த பல் மேலே ஏறும். இளம் குதிரைக்கு அந்தச் சேமிப்பு 7 சென்டிமீட்டருக்கும் மேல். இது புதிதாக வளரும் பல் இல்லை, பிறவியில் கிடைத்த இருப்பு. 19 வயதில் பெரும்பங்கு செலவாகிவிட்டது. அரம் சில நிமிடத்தில் எடுத்துவிடும் மூன்று மில்லிமீட்டர் உங்கள் குதிரைக்கு ஒரு வருடச் சம்பாத்தியம். திரும்பி வராமலும் போகலாம். அந்தச் சொரசொரப்பை வழித்துச் சமமாக்கிய வாய் பார்க்க அழகாக இருக்கும், புல் அரைக்காது.

உங்கள் கைக்குத் தட்டுப்பட்ட கத்தி ஓரத்துக்கு வருகிறேன். மேல்பல் அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அதன் வெளி ஓரமும், கீழ்ப்பல்லின் உள் ஓரமும் தேயாமல் கூராக மிஞ்சும். தாடை நன்றாக வெளியே போய்த் திரும்பினால் இந்த ஓரங்களும் ஓரளவு தேயும். தானியமும் தவிடும் தின்னும்போது தாடையின் வீச்சு குறுகிவிடுகிறது, கூர் வளர்கிறது. லாயத்துக் குதிரைகள் பெரும்பாலானவற்றில் இது உண்டு. அவை எல்லாம் உருண்டை துப்புவதில்லை. கன்னத்தில் புண் செய்யும் அளவு கூரானால் அராவத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வேறோர் இடத்தில் வலி இருந்து, அந்த வலிக்குப் பயந்து குதிரை தாடையைச் சிறிதாக அசைத்து மென்றாலும் இதே கூர் வரும். அப்போது கூர் என்பது நோயின் தடம். தடத்தை அழித்தால் நோய் போகாது. இன்னும் இரண்டு மாதம் வீணாகும்.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பழிப்பது நம் வழக்கம். கடிவாளத்துக்கு வாயை மூடும் குதிரைகளில் எத்தனையோ, கன்னத்தை அந்தக் கூர்மீது அழுத்தும் வாருக்குப் பயந்தே மூடுகின்றன. பிடிவாதம் என்று அடிக்கும் முன் பல்லைப் பார்ப்பது நியாயம்.

உங்கள் குதிரையின் வயது, நீளமான காய்ந்த புல்லை மட்டும் துப்புவது, தவிட்டைச் சிந்தாமல் தின்பது, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நான் முதலில் சந்தேகிப்பது பல்லிடுக்கு. கடைவாய்ப்பற்கள் வேர்ப்பக்கம் குறுகியவை. வயதாக ஆக, மேலே வருவது குறுகிய பகுதி. முதல் பல் பின்னே சாய்ந்தும் கடைசிப் பல் முன்னே சாய்ந்தும் வரிசையை இறுக்கிப் பிடித்திருந்த அழுத்தம் தளர்ந்து, நடுவில் சந்து விழுகிறது. கீழ்வரிசையின் பின்பக்கப் பற்களில்தான் இது அதிகம். மேலே குறுகி, ஈறருகே அகன்ற சந்து மிக மோசமானது: நார் உள்ளே செருகும், வெளியே வராது. செருகியது அழுகி ஈறு விலகி, பல்லைப் பிடித்திருக்கும் தசைநார் அரித்து, ஒவ்வொரு மெல்லுதலும் அந்தப் புண்ணுக்குள் ஈட்டி குத்துவது போலாகும். குதிரை நோய்களில் இவ்வளவு வலியை இவ்வளவு சத்தமில்லாமல் பொறுக்கும் நோய் குறைவு. தயவுசெய்து இதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள்.

வேறு காரணங்களும் உண்டு. பிளந்த பல், ஆடும் பல். கடைவாய்ப்பற்களின் மேல்வரிசையில் நான்காவது பல் ஒரு வயதிலேயே முளைப்பதால் வாயிலுள்ள நிலைப்பற்களில் அதுதான் மூத்தது. சொத்தை விழுவதும் பிளப்பதும் முதலில் தேய்ந்து முடிவதும் பெரும்பாலும் அங்கேதான். மேல்வரிசைப் பின்பற்களின் வேர் முகத்து எலும்பறைக்குள் இருப்பதால், வேர் சீழ்பிடித்தால் ஒரே மூக்குத் துளையில் நாற்றமுள்ள சளி வரும். முன்பற்களின் வேர் அரித்து வீங்கும் நோய் ஒன்று 15 வயதுக்கு மேல் வருகிறது. அதற்கு அடையாளம், கேரட்டை முன்பல்லால் கடிக்க மறுத்து உதட்டால் உள்ளே தள்ளப் பார்ப்பது.

வாயைத் திறக்காமலே நீங்கள் பார்க்கக்கூடியவை நிறைய. துப்பிய உருண்டை ஒன்றை எடுத்துப் பிரியுங்கள். நார் முழு நீளத்தில் இருக்கிறதா, பாதி அரைபட்டதா? இரத்தக் கோடு உண்டா? முகர்ந்து பாருங்கள், அழுகல் நாற்றம் இடுக்கையோ சீழையோ காட்டும். அரைக் கிலோ புல்லை எடை போட்டுக் கொடுத்து மணி பாருங்கள். 20 நிமிடத்தை வெகுவாகத் தாண்டினாலோ, பாதி கீழே கிடந்தாலோ எழுதி வையுங்கள். எந்தப் பக்கம் மெல்லுகிறது, பக்கம் மாற்றுகிறதா, தலையைச் சாய்க்கிறதா என்று கவனியுங்கள். நேர் முன்னால் நின்று இரு கன்னத்தின் தசையையும் உள்ளங்கையால் தடவினால் ஒரு பக்கம் மெலிந்திருப்பது தெரியும். வெளியிலிருந்தே கன்னத்தை மேல்பல் வரிசைமீது மெல்ல அழுத்துங்கள். தலையை வெடுக்கென்று இழுத்தால் அங்கே புண். லத்தியில் ஒரு பிடி எடுத்துச் சல்லடையில் நீர்விட்டு அலசுங்கள். பெரும்பாலான நார் சில மில்லிமீட்டர் நீளத்தில் இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்டவை நிறைய இருந்தால் அரைபடவில்லை. ஆனால் நீளநாரைத் துப்பிவிடும் குதிரையின் லத்தி நன்றாகவே இருக்கலாம், அதை வைத்து நிம்மதி கொள்ள வேண்டாம்.

இனி உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய வரி: கிக்கூயு மேய்ச்சலும் இரண்டு கிலோ தவிடும். கிக்கூயு புல்லில் ஆக்சலேட் இருக்கிறது. அது புல்லின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு குதிரைக்குக் கிடைக்காமல் செய்கிறது. தவிட்டில் ஒரு கிலோவுக்கு 10 கிராமுக்கு மேல் பாஸ்பரஸ், 2 கிராமுக்கும் குறைவாகக் கால்சியம். பாஸ்பரஸ் மிகுந்தால் கால்சியம் இன்னும் குறையும். இரண்டும் சேர்ந்து பல மாதம் போனால், உடம்பு தன் எலும்பையே கரைத்துக் கால்சியம் எடுக்கும். முதலில் கரைபவற்றில் தாடை எலும்பு ஒன்று. பல்லின் பிடிமானம் தளரும், மெல்ல வலிக்கும். முகத்தின் இருபுறமும் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே எலும்பு உப்பும், கீழ்த்தாடை தடிக்கும், கால் மாற்றிக் கால் நொண்டும். பெருந்தலை நோய் என்பது இதுதான். கிக்கூயுவும் தவிடும் ஒரே வாளியில் சேரும் இடங்களில் இதை நினைவில் வைத்தே ஆக வேண்டும். இரத்தத்தில் கால்சியம் சரியாகவே காட்டலாம், அதை நம்பி விட்டுவிடக் கூடாது. சிறுநீரில் பாஸ்பரஸ் எவ்வளவு போகிறது என்ற சோதனை உண்மையைச் சொல்லும். மருத்துவரிடம் அதைக் கேளுங்கள்.

இந்த வாரமே தவிட்டைக் குறைக்க ஆரம்பித்து பத்து நாளில் நிறுத்திவிடுங்கள். வேலையில்லாத 470 கிலோ குதிரைக்கு நாளுக்கு ஏறத்தாழ 19 கிராம் கால்சியம் தேவை. தீவனத்துக்கென்று விற்கும் சுண்ணாம்புக்கல் பொடியில் நூற்றுக்கு 38 பங்கு கால்சியம். 50 கிராம் பொடி அந்த 19 கிராமைத் தந்துவிடும். சோதனைக்கு முன்பே இந்த அளவு கொடுக்கத் தொடங்கலாம். எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கிறது என்று தெரிந்தால் மருத்துவர் அதைக் கூட்டிச் சொல்வார், பாஸ்பரஸும் சரியான விகிதத்தில் சேர்ப்பார். வீட்டுக்கு அடிக்கும் சுண்ணாம்போ வெற்றிலைச் சுண்ணாம்போ வேண்டவே வேண்டாம், வாய் வெந்துவிடும்.

மருத்துவரை அழைக்கும்போது "பல் அராவ வாருங்கள்" என்று சொல்லாதீர்கள். "குதிரை உருண்டை துப்புகிறது, வாய் முழுதும் பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் வேறு கருவிகளோடு வருவார். மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து நிறுத்தும் இரும்புச் சட்டம் மாட்டி, வாயைக் கழுவி, நெற்றி விளக்கும் நீண்ட கைப்பிடிக் கண்ணாடியும் கொண்டு, முடிந்தால் கேமராவும் கொண்டு, ஒவ்வொரு இடுக்காக ஊசிமுனைக் கம்பியால் அளந்து பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பார்ப்பது பரிசோதனை ஆகாது. கடைசி மூன்று பற்கள் அதில் தெரியவே தெரியாது. வேரில் சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே. இடுக்கில் செருகியதைத் தோண்டி நீரடித்துக் கழுவுவதுதான் முதல் சிகிச்சை. தேவைப்பட்டால் சந்தின் வாயை மிக நுண்ணிய துளைக்கருவியால் அகலமாக்குவார்கள், அப்போது நார் உள்ளே போனாலும் வெளியே வரும். பல்லின் உயிர்க்குழி (நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள நடுப்பகுதி) மிக அருகே இருப்பதால் இதைப் பழகாத கை செய்யக் கூடாது. ஆடும் பல்லைப் பிடுங்கினாலே பல குதிரைகள் மறுவாரம் தின்னத் தொடங்கிவிடும்.

கூர் ஓரத்தையும் அன்றே எடுக்கலாம்: ஓரத்தை மட்டும், அரைக்கும் முகத்தைத் தொடாமல். ஏதாவது ஒரு பல் உயர்ந்து நின்றால் ஒரே நாளில் சமமாக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஒரு தடவைக்கு மூன்று மில்லிமீட்டர், பிறகு மூன்று நான்கு மாதம் கழித்து மீண்டும். மோட்டார் அரம் ஒரே இடத்தில் நின்றால் பல் சூடேறி உயிர்க்குழி செத்துவிடும். லாயத்துக்காரர் கை அரத்திலும் ஆபத்து குறைவில்லை: மயக்கமில்லாத குதிரை தலையை உதறும்போது அரம் ஈறைக் கிழிக்கும், அண்ணத்தின் இரத்தக்குழாயை வெட்டும். மயக்க ஊசி மருத்துவர் கையால் மட்டுமே.

டெட்டனஸ் தடுப்பூசி காலாவதியாகாமல் இருக்கிறதா என்று முன்னரே பாருங்கள். மயக்கம் முழுதும் தெளியும்வரை ஒரு வாய்ப் புல்லும் கூடாது, பாதி மயக்கத்தில் விழுங்கினால் தொண்டை அடைக்கும். பழைய மயிர் உதிராமல் நீண்டு சுருண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். 15 வயதுக்கு மேல் வரும் சுரப்பிக் கோளாறு ஈறு நோயை வளர்க்கும், அதற்கு இரத்தச் சோதனையும் மருந்தும் உண்டு.

அதுவரை தீனி. 470 கிலோவுக்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 கிலோ உலர் தீவனம் வயிற்றுக்குள் போயாக வேண்டும். காய்ந்த புல்லை அவன் துப்புகிறான் என்றால் அது கணக்கில் வராது. புல்லை அழுத்திச் செய்த கட்டி அல்லது முதிய குதிரைக்கான முழுத்தீவனம் ஒரு பங்கு எடை, நீர் மூன்று பங்கு, கட்டி முழுதும் கரைந்து கூழாகும்வரை ஊறவையுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு லூசர்ன் (குதிரை மசால்) கட்டியாக இருந்தால் கால்சியமும் புரதமும் சேரும். நாளுக்கு நான்கு ஐந்து வேளையாகப் பிரித்து, வேளைக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ உலர் எடை. பழைய தீனியிலிருந்து இதற்கு மாற பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். நட்டால் கோடையின் புழுக்கத்தில் ஊறிய தீவனம் சில மணி நேரத்தில் புளித்துவிடும். ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக ஊறவைத்து, மிஞ்சியதைக் கொட்டி வாளியைத் தேய்த்துக் கழுவுங்கள். கரும்புப் பாகை மெல்ல விட்டுவிடலாம், சர்க்கரை ஒட்டிக்கொண்டால் பல்லின் சிமென்ட் அரிக்கும்.

காய்ந்த புல்லை இரண்டு மூன்று சென்டிமீட்டராக நறுக்கிப் போட்டால் சரியாகும் என்று தோன்றும். இடுக்கு இருந்தால் அந்தத் துண்டுகளே ஆணி போலச் செருகும், வேண்டாம். அறுவடைக் காலத்தில் இலவசமாகக் கிடைக்கும் கரும்புத் தோகையும் இந்த வாய்க்கு ஆகாது, முரட்டு நார், புரதம் மிகக் குறைவு. பச்சைப் புல் மெல்ல எளிது, மேய்ச்சலை நிறுத்தாதீர்கள். கால்சியம் சேர்த்துக் கொடுப்பதே கிக்கூயுவின் குறைக்குப் பரிகாரம்.

தின்றுகொண்டிருக்கும்போதே கழுத்தை நீட்டி, இருமி, இரண்டு மூக்கிலும் பச்சைத் தீனியும் எச்சிலும் வழிந்தால் தொண்டை அடைத்திருக்கிறது. தீனியையும் நீரையும் எடுத்துவிட்டுத் தலையைத் தாழ்த்தி நிற்கவிட்டு மருத்துவரை அழையுங்கள். வாயில் நீர் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும், குழாயும் செருகக் கூடாது. கோடை முடிவிலிருந்து முதல் உறைபனி வரையான மாதங்களில், தீனியோடு சம்பந்தமில்லாமல் மூக்கில் நுரை தள்ளினால், காய்ச்சல் 39 டிகிரியைத் தாண்டினால், கண்ணுக்கு மேலுள்ள குழி உப்பினால், அது பல்லும் தொண்டையும் இல்லை, ஆப்பிரிக்கக் குதிரை நோயாக இருக்கலாம். அன்று ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். அரசு கால்நடை மருத்துவருக்கும் தெரிவிக்க வேண்டிய நோய் அது.

எடை நாடாவால் வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் மார்பளவு எடுத்து எழுதிவாருங்கள். சிகிச்சைக்குப் பின் நான்கு வாரத்தில் அளவு ஏறவில்லை என்றால் அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் மறுபடி வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறினாலும் இந்த வயதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை தேவை.